வாய் முந்தும், முட்டை பிந்தும்

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கை அணையாமல் எரிய விடுவதற்கு முதலாம் இராசராசன் காலத்தில் (985–1014) ஒரு விலை இருந்தது. பசுவாகக் கொடுத்தால் 48. எருமையாகக் கொடுத்தால் 16. ஆடாகக் கொடுத்தால் 96. கொடுத்தவர் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். ஆடுகளை ஏற்ற மன்றாடிகள், அதாவது மேய்ப்பர்கள், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. தொண்டை மண்டலத்துக் கோயில்களிலும் இதே ஏற்பாடுதான்; சில இடங்களில் எண்ணிக்கை 90. கல்வெட்டுகள் இந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர் வைத்தன.

ஆடு சாகும், மூக்கும் என்பது கல்வெட்டை வெட்டச் சொன்னவர்களுக்குத் தெரியாதது இல்லை. அவர்கள் ஆட்டைப் பற்றிப் பேசவில்லை, கணக்கைப் பற்றிப் பேசினார்கள். கிழடு கழிந்த இடத்தில் குட்டி வந்து நிற்க வேண்டும். எண்ணும்போது 96 குறையக் கூடாது. எப்படி என்பது மன்றாடியின் பாடு. அந்தப் பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை வயதில் மந்தையில் சேரும் பெட்டை, ஆறரை வயதுவரை ஈனும் என்று வைத்துக்கொண்டால் அதன் உழைப்புக் காலம் ஐந்து ஆண்டு. அப்படியானால் 96 ஆட்டில் ஆண்டுக்கு 19 அல்லது 20 ஆடு கழிய, அதே அளவு இளம் பெட்டைகள் உள்ளே வர வேண்டும். ஆண்டுக்கு 80 குட்டி பிறந்தால் பெட்டை 40. அதில் நோயும் நரியும் கொண்டுபோனது போக ஒரு 30 மிஞ்சலாம். முப்பதில் இருபதை விற்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வில் இரண்டு ஆண்டு அசந்தால் போதும், மந்தைக்கு மூப்பு வந்துவிடும். நெய்க்குப் பஞ்சம் வந்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் இன்று ஆடு வளர்ப்பவர்களுக்குக் கோயில் விளக்கும் இல்லை, நெய்க் கணக்கும் இல்லை. ஆனால் அதே கேள்வி இருக்கிறது. எந்தப் பெட்டையை எப்போது சேர்ப்பது, எதை எப்போது கழிப்பது?

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று ஏரித் தண்ணீரை நம்பி மூன்று பட்டம் நடக்கிற ஊர்கள். அறுப்பு முடிந்த கழனியில் தாளும், வரப்பில் புல்லும், ஏரி உள்வாயில் தண்ணீர் வற்றிய பிறகு முளைக்கும் கோரையும் அருகும்தான் செம்மறிகளின் சாப்பாடு. கோடையில் அதுவும் இல்லாதபோது வேலிகாத்தான் காய். இந்தப் பகுதியின் இனத்துக்கு அரசுப் பதிவுகளில் ‘மெட்ராஸ் ரெட்’ என்று பெயர். கம்பளிக்கு ஆகாத, உரோமம் குட்டையான, செம்பழுப்பு நிறச் செம்மறி. சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளை விழுந்திருக்கும். கிடாவுக்குக் கொம்புண்டு, பெட்டைக்கு இல்லை. நன்றாக வளர்ந்த பெட்டை சுமார் 25 கிலோ இருக்கும். ஓர் ஈத்துக்கு ஒரு குட்டி, இரட்டை அபூர்வம். காட்டாங்கொளத்தூரை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இந்த இனத்தைப் பல காலமாகப் பேணி வருகிறது. 2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் செம்மறிகள் ஏறத்தாழ 45 இலட்சம்.

இந்த 45 இலட்சத்தில் மிகப் பெரும்பான்மைக்குப் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. வயதைச் சொல்வது வாய்தான். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கெட்டியான ஈறு மட்டும். கீழே எட்டு முன்பற்கள். வியாபாரி ஆட்டை இரு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கட்டைவிரலால் கீழுதட்டை மடக்கிவிட்டுப் பார்ப்பார். எட்டும் பொடிசாக, அரிசி நிறத்தில் நெருங்கி நின்றால் பால்பல். ஒரு வயது நிரம்பவில்லை அல்லது இப்போதுதான் நிரம்புகிறது. நடுவில் இரண்டு மட்டும் அகலமாகத் தெரிந்தால் ‘ரெண்டு பல்லு போட்டிருக்கு’; ஒன்றேகால், ஒன்றரை வயது. நாலு பல் இரண்டு வயதை ஒட்டி. ஆறு பல் மூன்றுக்குப் பக்கம். எட்டும் போட்டுவிட்டால் நான்கு. அதற்கு மேல் பல் கூடாது, குறையத்தான் செய்யும். முதலில் இடைவெளி விழும். பிறகு பல் நீளும், ஆடும், உடையும். கடைசியில் ஈறு மட்டும் நிற்கும்.

பேரம் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“பல்லு விழுந்துடுச்சேம்மா, இதை எவன் வாங்குவான்?”

“விழலண்ணா, ஒண்ணுதான் ஆடுது. போன மாசியிலகூடக் குட்டி போட்டுச்சு.”

“எத்தனாவது ஈத்து?”

“ஆறுன்னு வெச்சுக்கங்க.”

அந்த ‘வெச்சுக்கங்க’வில்தான் ஆட்டின் மொத்த வரலாறும் இருக்கிறது. வாயை எண்ணிவிட்டு வியாபாரியின் கை அடுத்ததாக முதுகெலும்புக்குப் போகும், சதை இருக்கிறதா என்று தடவிப் பார்க்க. பிறகு மடிக்கு. மடியில் ஒரு பக்கம் கல்லாகக் கெட்டித்திருந்தால் விலையில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. வாய், முதுகு, மடி என்று மூன்று இடத்தில் வயதை அளந்துவிடுகிறார். நான்காவது இடம் ஒன்று உண்டு. அது அவர் கைக்கு எட்டாது.

செம்மறியின் சினைப்பை மொச்சைக்கொட்டை அளவுதான். அதற்குள் இருக்கும் சினைமுட்டைகள், ஆடு பருவத்துக்கு வந்த பிறகு உண்டாகிறவை என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பெட்டைக்குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவை எல்லாம் உருவாகிவிடுகின்றன. செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். அதில் பாதி முடிவதற்குள் கருவிலிருக்கும் குட்டியின் சினைப்பையில் முட்டைக்கான உயிரணுக்கள் இலட்சக்கணக்கில் பெருகி, தங்கள் குரோமோசோம்களைப் பங்கிடும் வேலையைத் தொடங்கியும் விடுகின்றன. தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது. பெரும்பகுதி முட்டைகள் குட்டி பிறப்பதற்கு முன்பே அழிகின்றன. மிஞ்சியவை அந்தப் பாதி வேலையோடு அப்படியே காத்திருக்கின்றன. ஒன்றரை வயதில் வெளிவரும் முட்டை ஒன்றரை ஆண்டு காத்திருந்தது; ஏழு வயதில் வெளிவரும் முட்டை ஏழு ஆண்டு காத்திருந்தது. கிடாவின் கதை வேறு. அதன் விந்து ஏறத்தாழ ஏழு வாரத்தில் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும். பெட்டைக்கு ஊற்று கிடையாது, இருப்பு மட்டும்தான்.

காத்திருக்கும் முட்டைகளில் ஒன்று விழித்து, வளர்ந்து, வெளிவருகிற பருவத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. கார்த்திகையில் பருவத்துக்கு வரும் பெட்டையின் முட்டை வைகாசியில், கத்திரி வெயிலில், மேய்ச்சல் இல்லாத நாட்களில் வளரத் தொடங்கியது. மழை பெய்து புல் முளைத்து ஆடு பளபளப்பாகிவிட்டது என்பதால் அதன் முட்டையும் செழிப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னும் ஒரு படி பின்னே போகலாம். 2000-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வுகளில், சினையாக இருந்த செம்மறிகளுக்குத் தீனியைக் குறைத்தபோது கருவிலிருந்த பெட்டைக்குட்டிகளின் சினைப்பை வளர்ச்சி பின்தங்கியது. அப்படிப் பிறந்த பெட்டைகள் வளர்ந்த பிறகு வெளிவிட்ட முட்டைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பாட்டி பட்டினி கிடந்தால் பேரக்குட்டி குறையும் என்று அர்த்தம். உத்திரமேரூரில் பங்குனி, சித்திரையில் சினையாக நிற்கும் ஆட்டுக்குக் காய்ந்த வரப்பும் வேலிகாத்தான் காயும்தான் கதி என்றால், அதன் விலையைச் சில ஆண்டு கழித்து வேறொரு ஆடு கட்டும்.

உத்திரமேரூர் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்தில், 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுபவர் 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்கிறது. மேல் வரம்பை மட்டும் வைத்துவிட்டு விடவில்லை. கீழேயும் ஒரு கோடு போட்டார்கள். ஆட்டு விஷயத்தில் நம்மவர்கள் மேல் வரம்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ‘கிழடு, கழிச்சுடு’ என்பதில் யாருக்கும் தயக்கமில்லை. கீழே கோடு போடுகிறவர்கள் குறைவு.

கிடாவும் பெட்டையும் குட்டியும் ஒரே பட்டியில் அடையும் மந்தையில், பெட்டைக்குட்டி முதல் பருவம் வந்த உடனேயே சினையாகிவிடும். பல் போடாத குட்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிலர் மகிழவும் செய்வார்கள். ஓர் ஈத்து இலாபம் என்று. ஆனால் அந்த இளம் முட்டை தேர்ந்த முட்டையில்லை. ஜே. எஃப். குவிர்க், ஜே. பி. ஹன்ரஹன் என்ற அயர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 1977-இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். இளம் பெட்டைகளின் கருவுற்ற முட்டைகளையும், முதிர்ந்த பெட்டைகளின் கருவுற்ற முட்டைகளையும் எடுத்து, இரண்டையும் முதிர்ந்த ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். கருப்பை ஒரே தரம், தீனி ஒரே தரம். வேறுபாடு முட்டையில் மட்டும். இளம் பெட்டையின் முட்டைகள் குறைவாகவே பிழைத்தன. ‘சின்ன உடம்பு, அதனால் சினை தங்கவில்லை’ என்ற வழக்கமான விளக்கம் பாதிதான் உண்மை என்று அதிலிருந்து தெரிந்தது. முட்டையே இன்னும் தயாராகவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1990-களில் இன்னும் துணிந்து பார்த்தார்கள். பிறந்து ஒன்றிரண்டு மாதமே ஆன பெட்டைக்குட்டிகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, முட்டைகளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கருவுறச் செய்து, பெரிய ஆடுகளின் வயிற்றில் வைத்தார்கள். குட்டிகள் பிறக்கவும் பிறந்தன. தலைமுறையைச் சுருக்கிவிடலாம் என்பது கனவு. ஆனால் முதிர்ந்த ஆட்டின் முட்டையோடு ஒப்பிட்டால் இந்த முட்டைகளில் முழுக் கருவாக வளர்ந்தவை மிகக் குறைவு. குரோமோசோம்களில் பெரிய குறை இல்லை. அவற்றைச் சூழ்ந்திருக்கும் முட்டைச் சாறு, அதாவது முதல் சில நாட்களுக்குக் கருவுக்கு உணவும் உத்தரவும் தரும் சேமிப்பு, நிறையவில்லை. முட்டைக்குப் பிஞ்சுப் பருவம் உண்டு. முதிர அது நாள் கேட்கிறது.

பெரிய உடம்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பிறகே கிடாவோடு விட வேண்டும் என்று கால்நடைத் துறையினர் சொல்வதன் நியாயம் இதுதான். மெட்ராஸ் ரெட் பெட்டைக்கு அது 16, 17 கிலோ. கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மேய்ப்பர்கள் வேண்டாத காலத்தில் கிடாவின் வயிற்றடியில் தோல் மறைப்பு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். குட்டிகளைத் தனியாக அடைக்க இடமில்லாத வீட்டுக்கு அது நல்ல யோசனை.

நடு வயதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூன்றாம் ஈத்திலிருந்து ஆட்டின் காலம். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை செம்மறியின் சினைத்திறன் உச்சத்தில் நிற்கிறது. இரட்டை ஈனும் இனங்களில் நாலு முதல் ஆறு வயதுவரை ஒரு பருவத்துக்கு வெளிவரும் முட்டைகளின் எண்ணிக்கையும் அதிகம். கிடா சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்பிருந்து தீனியைக் கூட்டினால் பலன் தெரிவதும் இந்த வயதில்தான். எத்தனை முட்டை என்பதைத் தீனியும் வயதும் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு வங்கத்துச் சுந்தரவனத்தின் கரோல் செம்மறி சாட்சி. ஒற்றை மரபணு மாற்றம் அதை ஈத்துக்கு இரண்டு, மூன்று குட்டி போட வைக்கிறது. 1790-களில் கப்பலேறி ஆஸ்திரேலியா போன வங்கத்து ஆடுகள் வழியாக அது அங்கே பூரூலா மெரினோவுக்குள் புகுந்தது. எந்த மரபணு என்பது 2001-இல் பிடிபட்டது. மகாராட்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் நிறுவனம் அதே மாற்றத்தைத் தக்காணத்து ஆடுகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. நம் பக்கத்து ஆட்டுக்காரர் ஒரு குட்டியோடு நிறைவடைவதிலும் தவறில்லை. கோடைத் தீனியில் இரட்டைக்குப் பால் சுரக்காது.

ஆறு, ஏழு வயதுக்குப் பிறகு சரிவு. அது எங்கே தொடங்குகிறது?

பெண்ணுடலைப் பற்றிக் கேட்டால் மருத்துவம் முட்டையைக் கைகாட்டும். 35 வயதைத் தாண்டிய பெண்ணின் முட்டைகளில் குரோமோசோம் பங்கீட்டில் பிழை கூடிக்கொண்டே போகிறது. கருவிலிருந்தபோது இணைத்துக் கட்டிய புரதக் கட்டுகள் பல பத்தாண்டு காத்திருப்பில் தளர்வதே முக்கியக் காரணம். மாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் சாஸ்கட்சுவான் பல்கலைக்கழகத்தில் 2000-களில் 13, 14 வயதைத் தொட்ட கிழப் பசுக்களையும் அவற்றின் இளம் மகள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். தாய்க்கும் மகளுக்கும் மரபு நெருக்கம். இடையில் இருப்பது வயது. கிழத் தாய்களில் முட்டையைத் தூண்டும் ஹார்மோன் கூடியிருந்தது, வளரும் முட்டைப் பைகள் குறைந்திருந்தன, கருவுறாமல் போன முட்டைகள் மிகுந்திருந்தன. பெண்களின் மாதவிடாய் நிற்கும் முன்பான ஆண்டுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே.

அந்தப் பசுக்கள் நல்ல தீனியும் கொட்டகையும் பெற்று முட்டை மூக்கும்வரை உயிரோடு இருந்தன. உத்திரமேரூர்ச் செம்மறிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் முட்டை கிழமாவதற்கு முன்பே அதன் வாய் கிழமாகிவிடுகிறது. கழனியில் அறுத்த தாள் வன்மையானது. அறுவடை இயந்திரம் ஓடிய பிறகு மண்ணும் தாளும் கலந்து கிடக்கும். ஏரி உள்வாயில் தரையோடு ஒட்டிய அருகைக் கடித்து இழுக்கும்போது மணலும் சேர்ந்து வரும். ஒவ்வொரு கவளமும் பல்லைத் தேய்க்கிறது. ஐந்து, ஆறு வயதில் இடைவெளி விழுந்த வாயால் குட்டைப் புல்லைப் பிடிக்க முடியாது. மற்ற ஆடுகள் வயிறு நிரம்பி அசைபோடும்போதும் இது மேய்ந்துகொண்டே இருக்கும். முதுகெலும்பு துருத்தும். உடம்பில் சத்துக் குறைந்தால் மூளை முட்டைக்கு உத்தரவு அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும், பருவம் தள்ளிப்போகும். அதையும் மீறிச் சினையானால் குட்டி சிறுத்துப் பிறக்கும். மடியில் பழைய வீக்கத்தின் வடு இருந்தால் ஒரு காம்புதான் பால். குட்டி பத்தாம் நாள் துவளும். வீட்டுக்காரர் சொல்வது, ‘வயசாயிடுச்சு, இனி இது ஆகாது.’ வயதானது எது என்று கேட்டால் பதில் வாயில் இருக்கிறது. சினைப்பையை அநியாயமாகக் குற்றம் சொல்கிறோம்.

பல் போன ஆட்டுக்குத் தவிடும் ஊறவைத்த பிண்ணாக்கும் நறுக்கிய பசுந்தீவனமும் கொடுத்தால் அது இன்னும் ஓரிரு ஈத்து ஈனும் என்பதை அனுபவமுள்ள ஆட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். வீட்டோடு வளர்ந்த ஒற்றைத் தாயாடு எட்டு, ஒன்பது வயதிலும் குட்டி போட்டுப் பாலூட்டும். மந்தைக்கு அந்தச் செல்லம் கட்டுப்படியாகாது. அது வேறு கணக்கு. பொருளாதாரம் கழிக்கச் சொல்லும் ஆட்டை உயிரியல் கழித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

முட்டையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பவர்களுக்கு டாலியின் கதையைச் சொல்ல வேண்டும். 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் பிறந்த அந்தச் செம்மறிக்கு மரபுப்பொருள் வந்தது ஆறு வயது ஃபின் டார்செட் பெட்டை ஒன்றின் மடித் திசுவிலிருந்து. நம்மூர்க் கணக்கில் கழிக்கிற வயது. இயன் வில்மட்டும் கீத் காம்பெல்லும் அந்த மடி உயிரணுவை, உட்கரு நீக்கிய கருமூஞ்சிச் செம்மறியின் சினைமுட்டைக்குள் சேர்த்தார்கள். பால் சுரப்பதற்கென்று தேறிப்போன உயிரணுவை முட்டைச் சாறு மீண்டும் முதல் நாளுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. 277 முயற்சியில் ஒரு குட்டி. அந்தக் குட்டி வளர்ந்து, கிடாவோடு இயல்பாகக் கூடி, 1998-இல் ஒன்று, 1999-இல் இரண்டு, 2000-இல் மூன்று என ஆறு குட்டி போட்டது. 2003 பிப்ரவரி 14 அன்று நுரையீரல் கட்டி நோயால் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தபோது, அவசரமாகக் கிழடாகிவிட்டது என்ற பேச்சு எழுந்தது. அந்தக் கட்டி செம்மறிகளுக்கு வைரசால் வருவது. டாலியின் அதே உயிரணு வரிசையிலிருந்து பின்னர் பிறந்த நான்கு ஆடுகளை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்து, அவை வயதுக்கேற்ற நலத்தோடு இருப்பதாக 2016-இல் அறிவித்தார்கள். ஆறு வயது உடம்பின் மூப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வல்லமை ஒரு நல்ல முட்டைக்கு உண்டு. அந்த முட்டை கெட்டால்தான் வழியில்லை.

சினை தங்காத பெட்டையை முன்னிறுத்தி ஆட்டுக்காரர் செய்யும் விசாரணையைக் கவனிக்க வேண்டும். பெட்டைக்குப் பதினேழு நாளுக்கு ஒரு முறை பருவம். அது ஒன்று, ஒன்றரை நாள் நீடிக்கும். முட்டை அதன் கடைசியில் வெளிவந்து ஒரு நாளுக்குள் வீணாகிவிடும். கருவுற்றாலும் 20 முதல் 30 சதவீதம் கருக்கள் முதல் சில வாரங்களிலேயே கரைந்துபோவது நல்ல மந்தையிலும் நடப்பது. ஆகவே ஓர் ஆடு மறுபடி பருவத்துக்கு வந்தால் அவர் பதறுவதில்லை. இரண்டு மூன்று ஆடுகள் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பார்ப்பது பொலிகிடாவை. அதற்குக் காய்ச்சல் வந்ததா, விதையில் வீக்கமா, கத்திரி வெயிலில் அலைந்ததா, வயது போயிற்றா? முப்பது பெட்டைக்கு ஒரு கிடா என்பதால் சந்தேகமும் அங்கேதான் முதலில் போகும். கிடாவை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டையின் பக்கம் வருவார். அதே ஊரில், அதே தெருவில், கல்யாணமாகி மூன்று ஆண்டு குழந்தையில்லாத வீட்டில் விசாரணை எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்பது வாசகருக்குத் தெரியும். மாப்பிள்ளையைப் பரிசோதனைக்கு அனுப்ப ஐந்தாறு ஆண்டு ஆகும். பட்டியில் இருக்கிற நியாயம் வீட்டுக்குள் வரவில்லை.

பெண்களை இங்கே வேறொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். சின்ன மந்தைகளை நடத்துகிறவர்களில் பெண்கள் நிறைய. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில், நிலமில்லாத ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு என்று பெண்கள் பெயரில்தான் கொடுத்தார்கள். பயனாளிகளே சந்தையில் பார்த்து வாங்கும் முறை. நாலு ஆடு உள்ள வீட்டில் ஒவ்வோர் ஆட்டின் வாயும் ஒரு சொத்துப் பத்திரம். பால்பல் குட்டி கிடைத்தால் ஓராண்டு வருமானமில்லாமல் தீனி போட வேண்டும். எட்டுப் பல்லும் போட்டு இடைவெளி விழத் தொடங்கியது கிடைத்தால் இரண்டு ஈத்தோடு முடிந்தது. இரண்டு பல், நாலு பல் பெட்டையைத் தேர்ந்தவருக்குத்தான் திட்டம் திட்டமாக நின்றது. எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான்; வயதில்தான் கொடுப்பினை.

மேய்க்கால் புறம்போக்குகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை, பரந்தூரில் விமான நிலையத் திட்டம், உத்திரமேரூர்ச் சாலை நெடுக மனைப்பிரிவுக் கற்கள். புல் குறையக் குறைய ஆடு தரையைச் சுரண்டி மேயும். பல் சீக்கிரம் தேயும். வாய்க்கும் முட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி இன்னும் அகலும். முட்டையில் உயிர் இருக்கும்போதே ஆடு கழிக்கப்படும்.

ஆட்டின் வயது எங்கும் பதிவாகாததால் அறிவுக்கும் இழப்பு. செம்மறியின் முட்டையை ஆராயும் கூடங்களுக்கு வரும் சினைப்பைகள் பெரும்பாலும் இறைச்சிக்கூடத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியிலோ வெந்நீர்க் குடுவையிலோ வருபவை. அவற்றோடு வயதுச் சீட்டு வருவதில்லை. தலை ஒரு பக்கம், சினைப்பை ஒரு பக்கம் பிரிந்த பிறகு வாயைப் பார்த்து வயது சொல்லவும் முடியாது. ஆறாம் ஈத்தின் முட்டையும் தலையீத்துக்கு முந்திய முட்டையும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும்.

மாடுகளுக்கும் எருமைகளுக்கும் அரசு 12 இலக்கக் காதுவில்லை போட்டு, சினை ஊசி முதல் தடுப்பூசி வரை பதிவு செய்கிறது. பெட்டைச் செம்மறிக்கும் அப்படி ஒரு வில்லையும், அதில் பிறந்த மாதமும் ஒவ்வொரு ஈத்தின் தேதியும் வேண்டும். துறை அதைச் செய்யும்வரை ஆட்டுக்காரர் காத்திருக்கவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். குட்டி பிறந்த மாதம், முதல் பருவம், கிடா மாற்றிய நாள், ஈத்து, குட்டியின் கதி என்று ஆட்டுக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் எழுதிவிடும். அப்போது, கழிக்கும் நாளில் வியாபாரியின் கட்டைவிரல் சொல்வதை மட்டும் நம்பி ஆட்டை ஓட்டிவிட வேண்டியிருக்காது.